ஊசிப் பூரணமும் உயிருள்ள மருந்தும்

திருகோணமலைப் பக்கம் சல்லி என்ற கடற்கரை ஊருக்கு வந்து பூரணம் வீடு எது என்று கேட்டால், எந்தப் பூரணம் என்று திருப்பிக் கேட்பார்கள். ஊசிப் பூரணம் என்று சொல்லிப் பாருங்கள், நடக்கப் பழகிய பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அவள் வீட்டு வாசல் படலையில் விடும். தையல்காரியாக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் தொழில் இடியப்பம். விடியுமுன்னே அவித்து உப்புவெளி விடுதிகளுக்குக் கொடுக்கிறாள், மிச்சத்தை வீட்டில் வைத்தே விற்கிறாள். ஊசிப் பட்டம் வந்தது வேறு வழியில்.

மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள். அன்றைக்குப் பூரணத்துக்கு இடியப்பமும் இல்லை, சொதியும் இல்லை. ஊர்ச் சந்துகளில் ஒழுங்கை ஒழுங்கையாய் இறங்கிவிடுவாள்.

"எடியே, பிள்ளைக்கு ஒன்பது மாசம் முடிஞ்சுது. நீ இன்னும் குசினிக்குள்ள நிண்டு என்ன கிண்டுறாய்?"

"பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுதக்கா, அடுத்த மாசம்…"

"மிஸ் பாத்துச் சொல்லட்டும் தடிமனோ இல்லையோ எண்டு. தூக்கடி பிள்ளையை!"

பிள்ளை பெற்ற பெண்கள் அவள் குரல் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சிரிப்பார்கள். சாத்திய கதவால் ஒரு பயனும் இல்லை. பின்பக்கக் கிணற்றடியால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஊர் மருத்துவமாது கீர்த்தனி மிஸ் சொல்லுவார், தான் சம்பளத்துக்குச் செய்கிற வேலையைப் பூரணம் அக்கா வெறித்தனத்துக்குச் செய்கிறா என்று. அது பகிடியானாலும் பொய்யில்லை.

வெறி வந்த கதை சுருக்கமானது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் சனம் எல்லாம் ஓடிப்போய் ஒரு பாடசாலைக்குள் அடைந்து கிடந்தபோது, அங்கே தட்டம்மை என்கிற சின்னமுத்து வந்தது. பூரணமும் தம்பி கோணேஸ்வரனும் ஒரே பாயில் கிடந்தார்கள். அம்மாள் விளையாடுகிறாள் என்று சொல்லி வேப்பிலையைப் பரப்பிவிட்டு, பெரியவர்கள் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அழுதார்கள். பூரணம் எழும்பினாள். தம்பி எழும்பவில்லை. அவனுக்கு ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த நோய்க்கென்று ஓர் ஊசி உலகத்தில் இருக்கிறது என்று வளர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாளாம். அன்று தொட்டு ஊசி அவளுக்கு மருந்தில்லை, தெய்வம். கிளினிக்குக்கு வருகிற குளிர்ப்பெட்டிக்குக் கற்பூரம் கொளுத்தாதது ஒன்றுதான் குறை.

அப்படிப்பட்டவளுக்குக் கலியாணம் முடிந்து கனகாலம் பிள்ளை இல்லை. முத்துமாரியம்மனிடம் அழுது, வைத்தியர்களிடம் அலைந்து, இனி இல்லையென்று மனதை ஆற்றிக்கொண்ட பிறகு லக்சாயினி பிறந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஊசியாவது நாள் பிந்தியிருக்குமா? கீர்த்தனி மிஸ் மண்டபக் கதவைத் திறக்க வரும்போது தாயும் மகளும் படியில் குந்தியிருப்பார்கள்.

பிள்ளைக்கு இரண்டு வயது கடந்தபோது விடாத காய்ச்சல் ஒன்று வந்தது. காலில் அடிபடாமலே நீலமாய்க் கண்டல்கள் தெரிந்தன. முகம் வெளிறி மாப்போல் ஆனது. திருகோணமலையில் இரத்தம் சோதித்தவர்கள் நிற்கவிடாமல் கொழும்புக்குப் பக்கத்து மகரகம ஆசுப்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மாற்றலாம், அநேகமான பிள்ளைகள் சுகமாகிப் போகிறார்கள், ஆனால் மருந்து நெடுங்காலம் போகும் என்றும் சொன்னார்கள். பூரணம் 'மாற்றலாம்' என்ற அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்காய் வார்ட்டில் பிள்ளையோடு கிடந்தாள். லக்சாயினியின் தலைமயிர் தலையணையில் கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது.

ஊருக்குத் திரும்பும்போது பூரணம் ஒரு பொய்யைக் கையோடு கொண்டுவந்தாள். கொழும்பில் மச்சாள் வீட்டில் நின்றோம், அம்மனுக்கு நேர்ந்த மொட்டையைப் போட்டுக்கொண்டு வந்தோம் என்றாள். ஊரில் யார் அதைச் சந்தேகப்படுவது? தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு மொட்டை நேராமல் வேறு யாருக்கு நேர்வது? கண்டவர்கள் எல்லாம் அந்தச் சின்னத் தலையைத் தடவி, அம்மாள் காப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மன் பெயரில் பொய் சொன்னதற்குப் பூரணம் தினமும் கோயிலடியில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் பொய்யை விடவில்லை.

ஏன் என்று கேட்டால் அவளிடம் காரணம் இருந்தது. புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் அந்தப் படலையைத் தாண்டி யாரும் வரமாட்டார்கள் என்று அவள் நம்பினாள். பிள்ளைகளை விளையாட விடமாட்டார்கள், அந்த வீட்டு இடியப்பத்தைத் தொடமாட்டார்கள், தெருவில் கண்டால் பரிதாபமாய்ப் பார்த்துக்கொண்டு விலகிப் போவார்கள். நாளைக்கு ஒரு கலியாணம் பேசப்போனால் இதைத்தானே முதலில் எடுப்பார்கள்? மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுகிற கவலை! சிரிப்பு வருகிறதுதான். ஆனால் இரவும் பகலும் மரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பிள்ளை பெரியவளாகிக் கலியாணம் கட்டும் என்று அடித்து நம்பியதற்கு அதுவே சாட்சி.

அவளுடைய புருசன் யோகராசாவுக்குத் துறைமுகப் பக்கத்தில் ஐஸ் கம்பனியில் வேலை. பேச்சுக்குப் பஞ்சமான மனுசன். வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் பூரணமே பேசிவிடுவதால் அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. மகரகமவில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, பூரணம் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்ற நேரம் பார்த்து, டொக்டர் யோகராசாவைக் கூப்பிட்டுச் சில விசயங்கள் சொன்னார். வரும் வழியில் பஸ்ஸில் அவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"இஞ்சரும், தங்களைக் கேக்காமல் பிள்ளைக்கு ஊசி கீசி போடவேண்டாமாம்."

"அது ஆசுப்பத்திரி ஊசியை. எங்கட கிளினிக் ஊசி வேற."

"எல்லா ஊசியும் எண்டுதான் நினைக்கிறன்…"

"நீங்கள் நினைக்கிறீங்கள்!"

அத்தோடு அந்தக் கதை முடிந்தது. பூரணத்தோடு ஊசியைப் பற்றி வாதாட யோகராசாவால் ஏலாது.

சில மாதங்களில் லக்சாயினிக்கு மூன்று வயது. மூன்று வயதில் சின்னமுத்துக்கு இரண்டாவது ஊசி போடவேண்டும். அந்த நேரம் பார்த்து நாட்டில் சின்னமுத்து திரும்பவும் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. வானொலியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பூரணம் இடியப்ப உரலைக் கீழே வைத்தாள். பாடசாலைக் கட்டடம், பாய், வேப்பிலை எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. வாடிப்போன பிள்ளைக்குத்தானே காவல் அதிகம் வேண்டும்? கிளினிக் நாளன்று யோகராசா வேலைக்குப் போனதும், மகளுக்குச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். பிழை செய்யப்போகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு மருந்துக்கும் இல்லை.

வரிசையில் முன்னுக்கு நின்றாள். பின்னால் அவள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும். கீர்த்தனி மிஸ் வழமைபோலக் கேட்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல், வருத்தம் ஏதும் இருக்கோ? ஏதும் மருந்து தொடர்ந்து குடுக்கிறீங்களோ?"

பூரணம் ஒருதரம் பின்னால் பார்த்தாள். எல்லாக் காதும் திறந்திருந்தன.

"ஒண்டும் இல்லை மிஸ்."

மிஸ் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தார். அவரும் நேர்த்தி மொட்டை என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். ஊசியில் மருந்தை எடுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கம் திரும்பினார். மூன்று வயதுப் பிள்ளைகள் அந்த இடத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். கூரை பிய்ந்துபோகும்.

லக்சாயினி அழவில்லை. தானாகவே இடது கையை நீட்டினாள். உள்ளங்கையைக் கீழே திருப்பி, விரல்களை இறுக்கிப் பொத்தி, புறங்கையை மிஸ்ஸுக்குக் காட்டினாள். பிறகு ஏதோ யோசித்தவள்போல அந்தக் கையை இழுத்துக்கொண்டு மற்றதை நீட்டினாள்.

"அந்தக் கை வேண்டாம். அதில நரம்பு இல்லை," என்றாள்.

மிஸ்ஸின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தடுப்பூசிக்குப் புறங்கையை நீட்டுகிற பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. நரம்பில் மருந்து ஏற்றி ஏற்றிப் பழகிய பிள்ளைதான் அப்படிப் பொத்திப் பிடிக்கும். மிஸ் ஊசியைத் தட்டில் வைத்தார். குனிந்து, பிள்ளைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பூரணமக்கா, இந்தப் பிள்ளை இதை எங்க பழகினது?"

பூரணத்துக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வாய் வராமல் போனதை ஊர் அன்றைக்குத்தான் முதன்முதலாய்ப் பார்த்தது. மிஸ் மேலே ஒன்றும் கேட்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அறைக்குள் ஸெய்னுதீன் டொக்டர் இருந்தார். கிண்ணியா ஆள். இளவயது. பூரணம் சொன்ன கதையை முழுக்கக் கேட்டார். பிறகு எழும்பிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார். ஏசப்போகிறார் என்று பூரணம் தலையைக் குனிந்தாள். அவர் ஏசவில்லை.

"அக்கா, இந்த ஊசிக்குள்ள என்ன இருக்கு எண்டு தெரியுமோ?"

"சின்னமுத்து மருந்து."

"மருந்தில்லை. சின்னமுத்துக் கிருமியேதான். உயிரோட இருக்கு."

பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். "உயிரோடையோ?"

"ஓம். ஆனா வளர்த்து வளர்த்து நல்லா மெலிய வைச்ச கிருமி. வருத்தம் போடத் தெம்பில்லை. சுகமான பிள்ளைக்குப் போட்டா, உடம்பில இருக்கிற காவல் அதை லேசா அடிச்சு விழுத்தும். விழுத்திப்போட்டு முகத்தை ஞாபகம் வைச்சுக்கொள்ளும். பிறகு உண்மையான சின்னமுத்து வந்தா வாசலிலயே பிடிச்சிடும்."

"என்ர பிள்ளைக்கு?"

"உங்கட பிள்ளைக்கு மகரகமவில குடுக்கிற மருந்து, கெட்ட இரத்தத்தை அழிக்கேக்க காவலையும் சேத்து அழிச்சுப்போடும். இப்ப உள்ளுக்கு அடிக்க ஆளில்லை. தெம்பில்லாத கிருமிக்கும் அங்க தடையில்லை. பெருகலாம். நெஞ்சுக்குப் போகலாம், மூளைக்குப் போகலாம். எல்லாருக்கும் அப்பிடி வாறதில்லை. ஆனா வந்தா எங்களால நிப்பாட்ட ஏலாமப் போகலாம். அதுதான் மருந்து முடிஞ்சு, காவல் திரும்பி வருமட்டும் உயிருள்ள ஊசி ஒண்டும் வேண்டாம் எண்டுறது."

பூரணத்தின் கண் மேசையில் இருந்த குளிர்ப்பெட்டிக்குப் போனது. எத்தனை வருசம் அதைப் பார்த்திருக்கிறாள்! உள்ளே ஐஸ் வைத்திருப்பது மீனுக்கு வைப்பதுபோலப் பழுதாகாமல் இருக்க என்றுதான் அவள் நினைத்திருந்தாள். புருசன் ஐஸ் கம்பனிக்காரன், கடற்கரைக்காரி, வேறு என்ன நினைப்பாள்? ஐஸில் கிடக்கிற எல்லாமே செத்தது என்பதுதான் அவள் அறிந்த உலகம். இங்கே ஒன்று, சாகாமல் இருப்பதற்காக ஐஸில் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர். சுண்டுவிரல் அளவு போத்தலுக்குள் எத்தனை கோடியோ! ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் இழுத்துக்கொண்டுபோய் அவள் கூட்டிவைத்தது ஒரு மருந்தோடு அல்ல, ஓர் உயிரோடு. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் பாதி, அதிசயத்தில் பாதி.

"எனக்குச் சின்ன வயசில சின்னமுத்து வந்தது டொக்டர். நானும் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாதோ?"

"ஒருக்கா வந்தாப் போதும். உங்கட உடம்பு அதை இண்டைக்கும் மறந்திருக்காது. உங்களுக்கு அது திரும்பி வாறது மிச்சம் குறைவு."

அந்தச் சொல் அவளை உலுப்பிவிட்டது. தம்பியின் முகம் அவளுக்கு மறந்துபோய்க் கனகாலம். எப்படி நினைத்துப் பார்த்தாலும் வராது. மூக்கு எப்படி, கண் எப்படி, ஒன்றும் தெரியாது. அதற்காக எத்தனை நாள் தன்னையே திட்டியிருப்பாள்! ஆனால் அவனைக் கொண்டுபோன நோயின் முகத்தை அவளுடைய இரத்தம் இத்தனை வருசமாய்ப் பத்திரமாய் வைத்துக்கொண்டிருக்கிறது. அவளைக் கேட்காமல், அவளுக்குச் சொல்லாமல். பூரணம் தன் முழங்கையைத் தானே ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

"அப்ப என்ர பிள்ளையை ஆர் காக்கிறது?"

"அவவைச் சுத்தியிருக்கிற ஆக்கள். அவையளுக்கு வராட்டி அவவுக்கும் வராது." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்கட ஒழுங்கையில இருக்கிற கரைவலை இழுக்கிற பொடியங்கள்தான் எனக்கு யோசனை. இடம்பெயர்வு, சுனாமி எண்டு அலைஞ்ச காலத்துப் பிள்ளைகள். கனபேருக்கு இந்த ஊசி ஒழுங்காப் போடுபடேல்லை. இப்ப பெரிய ஆக்களுக்கும் போடுறம், வாங்கோ எண்டு ஆள் அனுப்பினா, அது பால்குடிப் பிள்ளையளுக்குப் போடுறது எண்டு சிரிக்கிறாங்கள்."

"அவங்களுக்குப் போட்டா, அந்த உயிர் அவங்களிட்ட இருந்து பிள்ளைக்குத் தாவாதோ?"

"நல்ல கேள்வி. இந்த ஊசியில அப்பிடித் தாவுறதில்லை. போலியோச் சொட்டு குடிச்ச குழந்தை வீட்டுக்குள்ள இருந்தாத்தான் நாங்கள் யோசிக்கவேணும். உங்கட வீட்டில கைக்குழந்தை இல்லைத்தானே? பிறகென்ன."

வீட்டுக்கு வந்த யோகராசாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். 'நான் அண்டைக்கே சொன்னனான்' என்று சொல்ல அவருக்கு முழு உரித்தும் இருந்தது.

"நான்தான் வடிவாச் சொல்லேல்லைப் போல," என்றார்.

பூரணம் சத்தம்போட்டு அழுதாள். எத்தனை நாளைக்கு இவரைப் பேசவிடாமல் பேசியிருப்போம் என்று வெட்கமாய் இருந்தது. அழுது முடித்ததும் முடிவெடுத்துவிட்டாள். அந்தப் பொடியன்கள் ஊசிக்கு வரவேண்டுமானால் ஏனென்று அவர்களுக்குத் தெரியவேண்டும். ஏனென்று சொன்னால் மொட்டைக் கதை பொய்யாகும், பிள்ளையின் வருத்தம் ஊருக்குத் தெரியும், படலை வெறிச்சோடும். சொல்லாவிட்டால் ஒருநாள் அவர்களில் ஒருவன் தடிமன் என்று நினைத்துக்கொண்டு இடியப்பம் வாங்க வருவான், இருமுவான், அவ்வளவுதான்.

காலையில் கடற்கரைக்குப் போனாள். கரைவலை தண்ணீருக்குள் கிடந்தது. இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நிரையாய்க் கால் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரர் இராசதுரைச் சம்மாட்டி நடுவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய மனுசன். அவர் முறைத்தால் கடலே கொஞ்சம் பின்வாங்கும் என்று பொடியன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். வலை தண்ணீருக்குள் கிடக்கும்போது பெண்கள் கயிற்றைத் தாண்டுவது அங்கே வழக்கமில்லை. பூரணம் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு அது தெரியாதா? ஆனால் அன்றைக்கு அவள் கண்ணில் கயிறு படவேயில்லை. நேரே தாண்டிப்போய்ச் சம்மாட்டிக்கு முன்னால் நின்றாள்.

"பூரணம்! வலை தண்ணிக்குள்ள கிடக்குது. உனக்கென்ன விசரோ?"

"ஓமண்ணை, விசர்தான். என்ர பிள்ளைக்குப் போட்டது நேர்த்தி மொட்டை இல்லை. இரத்தத்தில புற்றுநோய். மகரகம மருந்தில மயிர் எல்லாம் கொட்டினது. அம்மாளின்ர பேரில நான் பொய் சொன்னனான். அவவுக்குச் சின்னமுத்து ஊசி போட ஏலாதாம், போட்டா அந்த ஊசியே அவவை முடிச்சுப்போடுமாம். ஆரிட்ட இருந்தாவது சின்னமுத்து தொத்தினாலும் தப்பமாட்டா. இவங்கள் எல்லாரும் போட்டாத்தான் அவ தப்புவா. நான் வேற ஆரிட்டப் போய்க் கேப்பன்?"

ஒரே மூச்சில் சொன்னாள். கயிற்றில் நின்றவர்களின் கை தளர்ந்துவிட்டது.

"கயிற்றை விடாதேங்கோடா!" என்று சம்மாட்டி கத்தினார். அவளுக்கு ஒரு மறுமொழியும் சொல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு வலைப்பக்கம் திரும்பினார். எல்லோரும் மறுபடி இழுத்தார்கள். கயிறு இழுக்கிற அம்பாப் பாட்டு நின்றுபோய்விட்டது. கயிறு முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது. பூரணம் மணலில் அப்படியே குந்திவிட்டாள். நினைத்தது நடந்துவிட்டது, இனி இந்த ஊரில் முகம் பார்க்க ஆளில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் எழும்பிப் போகவில்லை. மறுமொழி வாங்காமல் போவதற்கு அவள் வரவில்லை.

வலையின் மடி கரையேறியது. கீரிமீனும் சூடைமீனும் துள்ளின. மீனைப் பங்கு போடத் தொடங்கினார்கள். கயிறு பிடித்தவனுக்கு ஒரு குவியல். பிடிக்க ஏலாமல் வருத்தத்தில் கிடக்கிறவன் யாரும் இருந்தால் அவனுக்கும் ஒரு குவியல் போடுவது அந்த வலையின் முறை. இழுக்கவில்லை என்று அவன் வீட்டு உலை காயக்கூடாது. சம்மாட்டி குவியல்களைச் சுற்றி வந்து, கடைசியில் தன் கையால் இன்னொரு குவியல் வைத்தார்.

யதுர்சன் என்ற பொடியன் கேட்டான். "இது ஆருக்குச் சம்மாட்டி? ஒருத்தரும் வருத்தமாக் கிடக்கேல்லையே."

"லக்சாயினிக்கு."

சம்மாட்டி கையில் ஒட்டியிருந்த செதிலை வேட்டியில் துடைத்தார்.

"இழுக்க ஏலாதவைக்கும் பங்கு போடுறம்தானே? ஊசியும் அப்பிடித்தான். அந்தப் பிள்ளையால போட்டுக்கொள்ள ஏலாது. அவவின்ர பங்கை நாங்கள் போட்டுக்கொள்ளுவம்." பிறகு பூரணத்தைப் பார்த்தார். "எப்ப கிளினிக் எண்டு டொக்டரிட்டக் கேட்டுச் சொல்லு. கயிறு தாண்டின கதையைப் பிறகு பேசுவம்."

ஊசி போட்ட நாளில் அந்த மண்டபம் பார்க்கவேண்டிய காட்சியாய் இருந்தது. புயலுக்கு அசையாதவர்கள் எல்லாம் பால்குடிப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் வரிசையாய்க் குந்தி, சேட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். சுழிக்குள் குதித்து மடி அவிழ்க்கிற யதுர்சன், ஊசியின் முனையைக் கண்டதும் கண்ணைச் செருகிக்கொண்டு சாய்ந்துவிட்டான். முகத்தில் தண்ணி தெளித்து எழுப்பினார்கள்.

"போட்டாச்சோ?" என்று கேட்டான்.

"இனித்தான்," என்றார் கீர்த்தனி மிஸ்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினான். வாசலில் நின்ற பூரணம் ஒவ்வொரு கையாய்ப் பார்த்தாள். கயிறு உரஞ்சிக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளுக்குள் இப்போது அந்த மெலிந்த உயிர் இறங்குகிறது, உள்ளே இருக்கிற காவல் அதைக் கண்டுபிடிக்கிறது, முகத்தைப் பார்த்து வைக்கிறது. யாருக்கும் தெரியாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல். இந்தப் பொடியன்கள் நித்திரை கொள்ளும்போதும் தன் பிள்ளைக்காக அவர்களுடைய இரத்தம் விழித்திருக்கும் என்று நினைத்தபோது, கோயிலில் திரை விலகும்போது வருகிற நடுக்கம் அவளுக்கு வந்தது.

அடுத்தநாள் காலை இடியப்பம் வாங்க ஒருவரும் உள்ளே வரவில்லை.

படலைக்கு வெளியே நின்று, அக்கா, இடியப்பம், என்று கூப்பிட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். எந்நேரமும் முற்றத்தில் உருளுகிற பிள்ளைகளும் வெளியே நின்று லக்சாயினிக்குக் கை காட்டிவிட்டு ஓடின. மீன் பையொன்று படலைக் கம்பில் தொங்கியது, கொண்டுவந்த ஆளைக் காணோம். பூரணம் குசினிக்குள் போய் இருந்துகொண்டாள்.

"பாத்தீங்களோ? நான் சொன்னனான்தானே," என்றாள் யோகராசாவிடம். "ஊசிக்கு வந்தாங்கள். வீட்டுக்கு வரமாட்டாங்கள்."

யோகராசா போய் ஒழுங்கை முனையில் விசாரித்துக்கொண்டு வந்தார். விசயம் இதுதான். ஊசி போட்டு முடிந்ததும் சம்மாட்டி ஸெய்னுதீன் டொக்டரை மறித்து, பிள்ளைக்கு வேறு என்னென்ன ஆகாது என்று கேட்டிருக்கிறார். ஊசி வேலை செய்யக் கொஞ்சநாள் எடுக்கும், அதுவரைக்கும் கவனம், அதோடு இருமல், தடிமன், காய்ச்சல் எதுவானாலும் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தடிமன் இருக்கிறது என்பது எங்களுக்கே பிந்தித்தானே தெரியவரும், ஆனபடியால் ஒருவரும் படலையைத் தாண்டுவதில்லை என்று சம்மாட்டி ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். பூரணம் எது நடக்கும் என்று பயந்து அவ்வளவு பொய் சொன்னாளோ, அதுவேதான் நடந்திருந்தது. படலையைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. அதற்குள் இவ்வளவு அன்பு இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த கோயில் திருவிழாவுக்குச் சம்மாட்டியின் தங்கை மகன் நிலக்சன் கொழும்பிலிருந்து வந்தான். வந்த இரண்டாம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, பிறகு முகத்திலிருந்து இறங்கியது முத்து. சம்மாட்டி வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வேப்பிலை கட்டிய கையோடு ஸெய்னுதீன் டொக்டருக்கும் அழைப்பெடுத்தார்கள். வேப்பிலை இருக்கட்டும், பொடியன் வெளியில் இறங்கவேண்டாம் என்றார் அவர். பூரணம் ஜன்னலையெல்லாம் சாத்தினாள். அந்த வீடு இரண்டு வளவு தள்ளித்தான். லக்சாயினி அவனுக்குக் கிட்டப் போகவில்லை, அதனால் பயமில்லை, போயிருந்தால் உடனே பெரியாசுப்பத்திரிக்கு ஓடி உயிர்க்கிருமி இல்லாத வேறோர் ஊசி போடவேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர். இருந்தும் அவள் விடிந்ததும் பிள்ளையின் காதுக்குப் பின்னால் பார்ப்பாள், வயிற்றைப் பார்ப்பாள், நெற்றியில் கை வைப்பாள். ஒழுங்கையில் எந்த வீட்டிலாவது இருமல் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நிலக்சனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பொடியன்களுக்கு வரவில்லை. அவனைக் கழுவித் துடைத்தவர்களுக்கு வரவில்லை. அன்றைக்கு ஒரு பாடசாலைக்குள் அத்தனை பிள்ளைகளைப் பாயில் விழுத்திய அதே நோய், இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குள் வந்து, அடுத்த வீட்டுக்குப் போக வழி தெரியாமல் செத்துப்போனது. நடந்த அற்புதங்களை ஊர் கதைகதையாய்ச் சொல்லும். நடக்காமல் போன ஒன்றை நினைத்து இப்படிக் கையெடுத்துக் கும்பிட்டவள் பூரணமாய்த்தான் இருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பின்னேரம் படலையில் செருமல் கேட்டது. இராசதுரைச் சம்மாட்டி நின்றார். தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார்.

"பூரணம், எங்கட வீட்டில இனி ஒருத்தருக்கும் வராதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். எனக்கும் தடிமன் இல்லை. உள்ளுக்கு வரலாமோ எண்டு அவரிட்டக் கேட்டுக்கொண்டுதான் வந்தனான்."

"என்ன அண்ணை இது, வாங்கோ."

அவர் நேரே வரவில்லை. கிணற்றடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, முழங்கைமட்டும் கழுவி, திரும்பவும் போட்டுக் கழுவினார். பிறகு வந்து, பிள்ளை இருந்த இடத்துக்கு எட்டத்தில் கிடந்த கதிரையில் நுனியில் இருந்தார். லக்சாயினி அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அவள் தலையில் புதுமயிர் பூனைக்குட்டியின் மயிர்போல அரும்பியிருந்தது. எழும்பி நடந்துபோய் அவருடைய முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

கடலுக்கு முன்னால் நின்று கத்துகிற மனுசன் அசையவில்லை. தொடவும் இல்லை, விலகவும் இல்லை. முகம் சிவந்துகொண்டு வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என்ன வருத்தமோ என்று பூரணம் ஒரு கணம் பயந்தேபோனாள். பிறகுதான் விளங்கியது.

"அண்ணை," என்றாள், அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வர. "மூச்சை விடுங்கோ அண்ணை. ஒண்டும் செய்யாது. மூச்சை விடுங்கோ."